வீட்டுக்கு வெல்டிங் மிஷின்: எது வாங்கலாம், எந்த கேஸ் போடலாம்?

மாடிவீட்டு மெக்கானிக்:

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் திருவெறும்பூர் பக்கம் வீடு, வேலை வங்கியில். இரும்புக்கும் எனக்கும் இதுவரை இருந்த உறவு, கிரில் பட்டறை வாசலில் காத்து நின்றது மட்டும்தான். போன மாதம் மாடித் தோட்டத்துக்கு மூன்று ஸ்டாண்ட் செய்யக் கொடுத்தேன். “நாளைக்கு வாங்க சார்” என்பதைப் பதினோரு நாள் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் வந்த ஸ்டாண்டுகளில் ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கடியில் ஓட்டுச் சில்லைச் செருகிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன், இனி நானே செய்வதென்று.

பெரிய வேலை எதுவும் இல்லை. 16 கேஜ் (சுமார் 1.6 மில்லி கனம்), ஒரு இன்ச் சதுரக் குழாயில் இன்னும் நாலைந்து ஸ்டாண்ட். அம்மாவுக்குப் போர்ட்டிகோவில் ஒரு ஊஞ்சல் ஃபிரேம். அப்புறம், மனைவியிடம் இன்னும் சொல்லாத உண்மையான காரணம்: அப்பா ஓட்டிய எஸ்டி ரோட்கிங் பைக். பதினைந்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. பின் மட்கார்டில்தான் உள்பக்கம் சேறு தங்கித் தங்கித் துரு தின்று, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு மூன்று ஓட்டை. தகடு ஒரு மில்லிதான் இருக்கும். புது மட்கார்டு வாங்கலாம், தெரியும். எனக்கு அப்பா ஓட்டிய மட்கார்டுதான் வேண்டும்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ். போர்ட்டிகோவில் ஒரு 16 ஆம்ப் பிளக் இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 200 வரை இறங்கும். கையில் 25,000 ரூபாய்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் “ஆர்கான் போடுங்க சார், கண்ணாடி மாதிரி வரும்” என்றார். அடுத்தவர் “சி.ஓ.டூ போதும், ஆர்கான் எல்லாம் ஸ்டெயின்லெஸ்காரனுக்கு” என்றார். மூன்றாமவர் “கேஸே வேண்டாம், கேஸ் இல்லாத ஒயர் வந்திருக்கு” என்றார். வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரும் காட்டியது ஒரே மிஷின். மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் வேறு வேறு.

இன்னொன்று. பக்கத்துத் தெருவில் பன்னீர் சோடா போடுகிறவர் பழக்கம். அவரிடம் ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சும்மா கிடக்கிறதாம், எடுத்துக்கோங்க என்கிறார். அதே கேஸ்தானே, பயன்படுத்தலாமா?

டூல்பாக்ஸ்:

200 ஆம்ப் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின், அதாவது ராடு வைத்துப் பற்றவைக்கிற வகை, ஒன்றை வாங்கிப் போடுங்க பாஸ். கேஸும் வேண்டாம், கீஸும் வேண்டாம். ராடு பாக்கெட்டை வாங்கினோமா, பற்றவைத்தோமா என்று இருக்கலாம். மட்கார்டை டிங்கரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மில்லி தகட்டில் ராடு வைத்தால் மூன்று ஓட்டை ஆறாகும். என் ஸ்கூட்டர் ஃப்ளோரில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாய்லர்காரர்:

தம்பி, நான் துவாக்குடியில் 34 வருடம் ராடு பிடித்தவன். பாய்லர் பைப் வேலை. ஐ.பி.ஆர்., அதாவது பாய்லர் விதிப்படி நடத்தும் வெல்டர் டெஸ்ட், பாஸ் பண்ணினால்தான் பைப்பையே தொட விடுவார்கள். எக்ஸ்ரேயில் கடுகளவு புள்ளி தெரிந்தாலும் வெட்டிப் போட்டுத் திரும்பச் செய்யணும். இப்போது கோழிக்கூண்டும் வீட்டுக் கேட்டும்தான், எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை. நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் அடிக்கிறான். எழுத்துப் பிழைக்கு அவன் பொறுப்பு.

முதலில் கரண்டைப் பாருங்கள், அப்புறம் கேஸ். மிஷின் மேல் 200 என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். உங்கள் பிளக் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டரை மில்லி ராடு, கடையில் 12 நம்பர் என்று கேளுங்கள், 80 ஆம்பியரில் எரியும்போது ஆர்க்கில் 23 வோல்ட் இருக்கும். பெருக்கினால் 1,840 வாட். மிஷினுக்குள் ஆகும் நஷ்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்தால் வீட்டு லைனிலிருந்து 13, 14 ஆம்பியர் இழுக்கும். உங்கள் 16 ஆம்ப் பிளக் தாங்கும். அதுவே பத்தாம் நம்பர் ராடைப் போட்டு 110ல் வைத்தால் 20 ஆம்பியர் கிட்டே போய்விடும், எம்.சி.பி. (கரண்டு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். 16 கேஜ் குழாய்க்குப் பத்தாம் நம்பர் தேவையே இல்லை. ஊஞ்சல் கொக்கி மாதிரி கனமான இடத்துக்கு வேண்டுமென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டி.பி.யிலிருந்து (எம்.சி.பி. இருக்கும் பெட்டி) 4 சதுர மில்லி ஒயரில் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டு, மிஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சுருட்டி வைத்த ஒயரில் கரண்டு இழுத்தால் ஒயரே உருகும்.

இப்போது கேஸ். உருகிய இரும்பில் காற்று படாமல் மூடத்தான் அது. மூன்று கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. மிக் என்றால் ராடுக்குப் பதில் டார்ச் வழியாக ஒயர் தானாக வந்து உருகுவது. நம் பட்டறைகளில் மிக் வெல்டிங்குக்குப் பேரே சி.ஓ.டூ வெல்டிங். டிக், அதாவது உருகாத டங்ஸ்டன் ஊசியில் ஆர்க் எரிப்பது, அதற்குப் பேர் ஆர்கான் வெல்டிங். பேரிலேயே கேஸ் வந்துவிட்டதால், எதற்கு எது என்ற குழப்பமும் கூடவே வந்துவிட்டது. ஆர்கான் போட்டால் கண்ணாடி மாதிரி வரும் என்றது டிக்குக்குச் சரி, அலுமினியத்துக்குச் சரி. சுத்த ஆர்கானைப் போட்டு சாதா இரும்பில் மிக் ஒயரை ஓட்டிப் பாருங்கள், வெல்டு கம்பளிப்பூச்சி மாதிரி தகட்டின் மேல் உட்காரும், உள்ளே இறங்காது. ஓரத்தில் பள்ளம் வேறு விழும். இரும்புக்குச் சுத்த கார்பன் டை ஆக்சைடு போடலாம், இல்லையென்றால் ஆர்கானோடு 20, 25 சதவீதம் அதைக் கலந்த மிக்ஸ் போடலாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சி.ஓ.டூவில் வெல்டு நன்றாக இறங்கும், பொறி அதிகம் தெறிக்கும், ஆர்க் சத்தம் கொஞ்சம் முரடு. மிக்ஸில் ஆர்க் மெத்தென்று இருக்கும், பொறி குறைவு, மெல்லிய தகட்டில் கைக்கு அடங்கும். அப்படியானால் மட்கார்டுக்கு மிக்ஸ்தானே என்பீர்கள். வெல்டுக்கு மட்டும் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் சிலிண்டர் கணக்கைப் பாருங்கள். சி.ஓ.டூ சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. ஒரு கிலோ ஆவியானால் சுமார் 540 லிட்டர் கேஸ். ஐந்து கிலோ சிலிண்டரில் 2,700 லிட்டர். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விட்டால் நாலரை மணி நேரம், அதுவும் ட்ரிக்கர் அழுத்தியிருக்கும் நேரம் மட்டும். உங்களை மாதிரி ஞாயிற்றுக்கிழமை வெல்டருக்கு அது ஆறு மாதம் வரும். ஆர்கான் திரவமாக இருக்காது, வெறும் அழுத்தம்தான். 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் அடைத்தால் 1,500 லிட்டர், இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விலையும் கூட. மட்கார்டை எப்படியும் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள். பொறி தெறித்த தகட்டைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்? சி.ஓ.டூவில் தொடங்குங்கள்.

ஒரு விஷயம், இதில் ஏமாறாத ஆளே இல்லை. சி.ஓ.டூ ரெகுலேட்டரில் முள் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போட முடியாது. உள்ளே ஒரு சொட்டு திரவம் இருக்கும் வரை அழுத்தம் அப்படியே நிற்கும். 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 70 பாருக்கு மேல். நம்மூர் வெயிலில் மத்தியானம் முள் ஏறும், விடியற்காலை இறங்கும். கேஸ் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எங்கள் பட்டறையில் ஒரு பையன் பயந்தே போனான். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரசரவென்று விழும். எடை போட்டுத்தான் பார்க்கணும். காலி எடை சிலிண்டர் தோளிலேயே குத்தியிருக்கும். நான் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பேன்.

பேரன் கை வலிக்கிறது என்கிறான். மீதி சாப்பிட்டுவிட்டு.

இரும்புக்கோலம்:

ஐயா சொன்னதற்கு நடுவில் நுழைகிறேன், மன்னிக்கணும். புதுச்சேரியில் மாடியில் உட்கார்ந்து இரும்புக் கம்பியில் கோலம், மயில், மரம் எல்லாம் செய்கிறேன். நாலு வருடமாக கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் ஒயர்தான், 0.8 மில்லி. காரணம் ஒன்றே ஒன்று, கடற்காற்று. கேஸ் என்பது டார்ச் வாயிலிருந்து மெதுவாக இறங்கும் ஒரு குடை மாதிரி. முகத்தில் படுகிற அளவு காற்று வந்தாலே அது கலைந்துவிடும். மாடியில் கேஸ் போடுவது, ஆடிக் காற்றில் அகல் விளக்கு ஏற்றுவது மாதிரிதான். ஃப்ளக்ஸ் ஒயர் குழாய் மாதிரி, மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. அதுவே எரிந்து கேஸும் ஆகும், மேலே கசடும் படியும். ராடுக்கு வெளியே பூசியிருக்கும் மருந்தை உள்ளே வைத்துச் சுருட்டிய மாதிரி.

புகை அதிகம், கசடு தட்டணும், ஒயர் விலை கூட. ஒரு மில்லி தகட்டுக்கு இது கொஞ்சம் சூடுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஸ்டாண்டுக்கும் ஊஞ்சலுக்கும் தாராளமாகப் போதும்.

ஒன்று மட்டும் கவனம். கேஸ் ஒயருக்கு டார்ச் பிளஸ், எர்த் மைனஸ். ஃப்ளக்ஸ் ஒயருக்கு நேர் எதிர், டார்ச் மைனஸ். மிஷினைத் திறந்தால் உள்ளே இரண்டு போல்ட் இருக்கும், அதில் மாற்றணும். சில மாடலில் முன்பக்கமே குட்டி கேபிள் ஒன்று தொங்கும். எனக்கு இது தெரியாது. வாங்கிய முதல் இரண்டு வாரம் பொறி சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி தெறித்தது, வெல்டு பொரி உருண்டை மாதிரி வந்தது. எனக்குக் கைராசி இல்லை என்று மிஷினை விற்கவே போனேன். வாங்க வந்த பையன்தான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு “அக்கா, பொலாரிட்டி மாத்தவே இல்லையே” என்றான். விற்கவில்லை.

வாங்கும்போது அந்த மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் மட்டும், அல்லது கேஸ் இல்லாமல் மட்டும் என்று வருகிற மிஷின்கள் உண்டு.

பாய்லர்காரர்:

அந்தப் பொண்ணு சொன்னது சரி. மாடியில் செய்வதானால் ஃப்ளக்ஸ் ஒயர். போர்ட்டிகோ மூன்று பக்கம் அடைத்திருந்தால் கேஸ். அதனால் இரண்டுக்கும் ஏற்றதாக வாங்குங்கள்: மிக்கும் ராடும் ஒரே மிஷினில், 160லிருந்து 200 ஆம்ப், சிங்கிள் ஃபேஸ், பொலாரிட்டி மாற்றக்கூடியது. வோல்டேஜுக்கு ஒரு குமிழ், ஒயர் வேகத்துக்கு ஒரு குமிழ் என்று தனித்தனியாக இருக்கட்டும். எல்லாவற்றையும் மிஷினே பார்த்துக்கொள்ளும் என்கிற ஒற்றைக் குமிழ் மிஷினை ஓட்டக் கற்கலாம், ஏன் ஓடுகிறது என்று தெரியாது. ஒரு கிலோ ஒயர் ஸ்பூலும் ஐந்து கிலோ ஸ்பூலும் இரண்டும் மாட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் எரிக்கலாம், நாலு நிமிடம் ஓய்வு. நீங்கள் கிளாம்ப் மாட்டவே நாலு நிமிடம் ஆக்குவீர்கள், கவலை இல்லை.

ஆனால் முதல் ஒரு மாதம் ராடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 6013 வகை ராடு, 12 நம்பர், 2 மில்லி பட்டையில் கோடு கோடாக இழுங்கள். மிக்கில் ட்ரிக்கரை அழுத்தினால் ஒயர் வந்து ஏதோ ஒட்டிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும், அடியில் பிடித்திருக்காது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கையோடு வரும். அம்மா உட்காரப் போகிற ஊஞ்சல், தம்பி. ராடு அப்படிப் பொய் சொல்லாது. சரியில்லை என்றால் உடனே ஒட்டிக்கொள்ளும், அணைந்துபோகும், மூஞ்சியில் அடித்த மாதிரி காட்டிக்கொடுக்கும். உருகின குளத்தைக் கண்ணால் பார்க்கப் பழகணும். அதைப் பார்த்துவிட்டால் மிக் இரண்டு நாள் வேலை.

இரும்புக்கோலம்:

இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போக மாட்டேன். நான் ராடில் தொடங்கி, அது ஒட்டி ஒட்டி ஒரு வாரம் அழுது, மிஷினைத் துணி போட்டு மூடி வைத்தவள். ஒயர் வந்த பிறகுதான் திரும்ப உட்கார்ந்தேன். பொழுதுபோக்குக்குச் செய்கிறவருக்கு முதல் வாரமே ஏதாவது ஒன்று உருவாகி நிற்கணும், இல்லையென்றால் ஆசையே போய்விடும். ஊஞ்சலுக்கு வேண்டுமானால் ஐயா சொன்னபடி துண்டுகளைப் பற்றவைத்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

சோடாக்கடை பேரன்:

சோடா சிலிண்டர் பற்றிக் கேட்டீர்கள், அது நம் டிபார்ட்மென்ட். தாத்தா காலத்திலிருந்து திண்டுக்கல்லில் கோலி சோடா.

கேஸ் அதேதான். குடிக்கிற தரம் என்பதால் சுத்தத்தில் குறையே இல்லை. பார்க்கவேண்டியது வேறு. சில சிலிண்டரில் உள்ளே அடிவரைக்கும் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அதில் வால்வைத் திறந்தால் மேலிருக்கும் கேஸ் வராது, அடியிலிருக்கும் திரவம் பீறிட்டு வரும். தீயணைப்பு சிலிண்டர் எல்லாம் இந்த வகைதான். ரெகுலேட்டர் மாட்டித் திறந்தால் உறைந்து அடைத்து, ரெகுலேட்டர் போய்விடும். குழாய் இல்லாததுதானா என்று சோடாக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் வேண்டாம்.

அடுத்தது, கழுத்தில் குத்தியிருக்கும் டெஸ்ட் தேதி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்திருக்கணும். சும்மா கிடக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம், தேதி முடிந்துதான் கிடக்கும். தேதி முடிந்த சிலிண்டரில் எந்த ஒழுங்கான கேஸ் ஏஜென்டும் நிரப்பிக் கொடுக்க மாட்டார். ஓசி என்று எடுத்துவந்து, டெஸ்டுக்கு அலைந்து, வால்வு மாற்றி, கடைசியில் டெபாசிட் கட்டி ஒன்று வாங்கியிருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என் யோசனை: மிஷின் வாங்கும் முன்னால் கேஸ் ஏஜென்டிடம் போங்கள். வீட்டு ஆளுக்குச் சின்ன சிலிண்டர் தருவாரா, எத்தனை நாளில் நிரப்பித் தருவார், அதைக் கேட்டுவிட்டு மிஷின் கடைக்குப் போங்கள்.

நிற்க வைத்துத்தான் பயன்படுத்தணும், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டணும். வண்டியில் படுக்கப் போட்டு, மூடி இல்லாமல் கொண்டுவரவே கூடாது. வால்வு உடைந்தால் ராக்கெட்தான்.

பாய்லர்காரர்:

சோடாத் தம்பி நன்றாகச் சொன்னார். ஆர்கானுக்கு மாறினால் ரெகுலேட்டரும் வேறு, மரையே சேராது, அடாப்டர் தேடி அலையாதீர்கள்.

மட்கார்டுக்கு என் பாணி. துருத் தகட்டை வெட்டி எடுங்கள், பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும் வரை. துரு மேல் வெல்டு நிற்காது. ஒட்டுத் துண்டை மேலே ஏற்றி வைக்காமல், ஓட்டைக்குச் சரியாக விளிம்போடு விளிம்பு வைத்து வெட்டுங்கள். பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடியுங்கள். பாத்திரக் கடையில் ஓட்டைக் குடத்துச் செம்பு கிடைத்தால் போதும், கொஞ்சம் கனமாக இருக்கட்டும். செம்பு சூட்டை உறிஞ்சிவிடும், வெல்டு அதில் ஒட்டாது, ஓட்டையும் விழாது. கோடு இழுக்கவே இழுக்காதீர்கள். ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, அப்புறம் கையால் தொட்டுப் பார்க்கிற அளவு ஆறட்டும். வாசலில் கோலப்புள்ளி வைக்கிற மாதிரி. புள்ளிகள் சேர்ந்துதான் கோடாகணும். அவசரப்பட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அதை நிமிர்த்த டிங்கரிடம்தான் போகணும்.

வெல்டு மேல் பழுப்பாகக் கண்ணாடித் துணுக்கு மாதிரி நிற்கும், பயப்படாதீர்கள். சி.ஓ.டூ ஆர்க் சூட்டில் உடைந்து ஆக்சிஜன் வரும், அதைப் பிடிக்கத்தான் 70 எஸ்-6 என்கிற மிக் ஒயரில் சிலிக்கானும் மாங்கனீசும் சேர்த்திருக்கிறார்கள். பிடித்தது மேலே மிதக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

மட்கார்டைக் கழற்றித் தனியாக வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் டேங்கில் ஓட்டை இருந்தாலும் அதை நீங்கள் தொடவே கூடாது. காலி டேங்க்தான் வெடிக்கும், நிறைந்த டேங்க் அல்ல. கழுவிவிட்டேன், காயவைத்துவிட்டேன் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஜி.ஐ. (முலாம் பூசிய) குழாயில் வெள்ளைப் புகை வந்தால் நிறுத்துங்கள். அது துத்தநாகம். ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். நானும் குடித்திருக்கிறேன், காய்ச்சல் வந்து, இருந்து, தன் நேரத்துக்குத்தான் போனது. முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டுச் செய்யணும், இல்லையென்றால் கறுப்புக் குழாயே வாங்கணும். ஆர்க் வெளிச்சம் பட்ட கண்ணும் அப்படித்தான். அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டிய மாதிரி எரியும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கண் டாக்டரிடம் போங்கள். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்குங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வரும், ஒரு திரை கட்டுங்கள்.

கிரைண்டர் பொடி மிஷின் ஃபேன் வழியாக உள்ளே போனால் போர்டு போச்சு. கிரைண்டர் ஒரு மூலை, மிஷின் எதிர் மூலை. வேலை முடிந்தால் மூடி வையுங்கள். என் இன்வெர்ட்டர் மிஷினைக் கெடுத்தது ஒரு பல்லி. போர்டின் மேல் படுத்தபடியே கருகியிருந்தது.

மாடிவீட்டு மெக்கானிக்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஐந்து வாரம் ஆகிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

சோடா சிலிண்டர் தேதி முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சோடாக்கடை பேரன் சொன்னபடி ஏஜென்டைப் பார்த்து, டெபாசிட் கட்டி, ஐந்து கிலோ சி.ஓ.டூ எடுத்தேன். மிஷின் மூன்று வேலை செய்கிற 200 ஆம்ப். ரெகுலேட்டர், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்த்து பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது, எவ்வளவு என்று வீட்டில் கேட்டால் 25 என்றே சொல்கிறேன்.

ஐயா சொன்னபடி ராடு. மூன்று வாரம்தான் தாக்குப்பிடித்தேன். நாற்பது ராடு ஒட்டியிருக்கும். ஒரு நாள் கண்ணாடிக்குள் அந்தக் குளம் தெரிந்தது ஐயா. தேன் மாதிரி பின்னால் வந்து இறுகியது. அன்றைக்குச் சாப்பிடக்கூட உள்ளே போகவில்லை.

நேற்று கேஸ் மாட்டி மிக். டார்ச் பிளஸ், சரிபார்த்தேன். 0.8 ஒயர், பத்து லிட்டர். முதல் பத்து நிமிடம் நன்றாக வந்தது. அப்புறம் திடீரென்று வெல்டு முழுக்கப் பொத்தல், ஆப்பம் மாதிரி. சிலிண்டர் திறந்திருக்கிறது, ரெகுலேட்டரில் கேஸ் அளவு காட்டும் குண்டு பத்தில் நிற்கிறது. டார்ச் வாய் நாசிலில் ஒட்டியிருந்த பொறியையும் சுரண்டிவிட்டேன். அப்படியே இருக்கிறது. கேஸ் மட்டமா?

பாய்லர்காரர்:

போர்ட்டிகோவில் ஃபேன் ஓடுகிறதா?

மாடிவீட்டு மெக்கானிக்:

சீலிங் ஃபேனை முதலிலேயே நிறுத்திவிட்டேன் ஐயா.

ஒரு நிமிடம்.

அம்மா. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறதென்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருந்ததில் எனக்குத் தெரியவே இல்லை. சுகமாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது.

இரும்புக்கோலம்:

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்! ஊஞ்சல் எப்போது?

மாடிவீட்டு மெக்கானிக்:

ஊஞ்சல் மூட்டுகளைத் துண்டில் செய்து சுத்தியலால் அடித்துப் பார்க்கிறேன். ஆறில் இரண்டு இன்னும் கையோடு வருகிறது. ஆறும் நிற்கும் வரை அம்மாவுக்கு நாற்காலிதான். மட்கார்டில் இரண்டு ஓட்டை அடைந்துவிட்டது, பழைய செம்புத் தவலையின் அடியை வெட்டிப் பின்னால் வைத்தேன். மூன்றாவது ஓட்டை பெரிதாகிவிட்டது, கோடு இழுத்துவிட்டேன், திட்டாதீர்கள்.

பாய்லர்காரர்:

திட்டவில்லை. பெரிதான ஓட்டைக்குப் பெரிய துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், முனைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுங்கள். ஆமாம், அந்தக் கால் குட்டை ஸ்டாண்டு என்ன ஆச்சு?

மாடிவீட்டு மெக்கானிக்:

முதல் வேலையாக அதைத்தான் எடுத்தேன். அடியில் ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்தேன். இப்போது அந்தக் கால் மூன்று மில்லி அதிகம். ஓட்டுச் சில்லு மற்ற மூன்று கால்களுக்கும் கீழே இருக்கிறது.